மிதி வாத்தியாரின் பின் சக்கரங்கள்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது கல்யாணப் பத்திரிகையில் அச்சானதோடு சரி. மற்றபடி எல்லாருக்கும் அவர் மிதி வாத்தியார்தான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் முப்பத்தொரு வருஷ வேலை. ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "மிதி, மிதி, அட மிதிங்கறேன்!" என்று கத்துவார். கடைசியில் தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கைத் தானே மிதித்துத் தொலைப்பார்.

அந்தக் கால் வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. பஸ்ஸில் போனால் முன் சீட்டுக்கு அடியில் எதையோ தேடும். தொலைக்காட்சியில் கார் துரத்தல் வந்தால் எதிரிலிருக்கும் முக்காலி பறக்கும். தூக்கத்தில் மிதித்து மிதித்துக் கட்டிலின் கால்மாட்டுச் சட்டம் இரண்டு முறை விட்டுப்போனது.

"கல்யாணம் ஆன புதுசுல கோவத்துலதான் உதைக்கிறாருன்னு நெனச்சு அழுதேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, நான் அவருக்குக் குறுக்க வந்த லாரின்னு" என்பார் அவர் மனைவி. அந்தம்மாள் மலைச்சரிவின் மேலே இருக்கும் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதனால் எல்லாருக்கும் நர்ஸம்மா.

கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு வாத்தியார் முதல் நாளே இடது மணிக்கட்டில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டிவிடுவார். "இது இருக்கிற பக்கம் இடது. மறந்து போச்சுன்னா இழுத்து விடுங்க. சுளீர்னு வலிக்குதில்ல? அதான் இடது."

உண்மையில் அந்த யோசனையை அவர் தனக்காகக் கண்டுபிடித்து வைத்திருந்தார். இடது வலது தடுமாற்றம் அவர்கள் வம்சத்தில் ஊறியது. அவருடைய பெரியப்பா, அதாவது அப்பாவுக்கு நேர் மூத்தவர், மாடியேறி இடது பக்கம் திரும்புவதற்குப் பதில் வலது பக்கம் திரும்பி, அடுத்த வீட்டு நாற்காலியில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டவர். அந்த வீட்டு அம்மாளும் பாவம் பார்த்துப் போட்டுவிட்டாள். தப்பான வீட்டில் சாப்பிட்டதைப் பெரியம்மா மன்னித்துவிட்டாள். "இன்னைக்குத்தான் வாய்க்கு ருசியா இருக்கு" என்று அங்கே சொன்னதைத்தான் கடைசி வரை மன்னிக்கவில்லை. அப்பாவின் கடைசித் தங்கை ஒருத்தி கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையை விட்டுவிட்டு இந்தப் பக்கம் நின்ற அவருடைய நண்பரோடு தோள் உரச நிற்கிறாள். அந்தப் படம் இன்னமும் அவர்கள் கூடத்தில் தொங்குகிறது.

சரி, காருக்கு வருவோம்.

வாத்தியாரிடம் ஒரு பழைய கார் இருந்தது. இரண்டே கதவு, நீள மூக்கு, ஆறு சிலிண்டர். அந்தக் காலத்தில் பந்தயத்தில் ஓடிய வகை. கிளப்பினால் தகரக் கொட்டகையே கூடச் சேர்ந்து உறுமும். நாள் முழுக்க அடுத்தவர்கள் இருபதில் ஊர்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனுஷனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒருநாளாவது ஓட்ட வேண்டாமா? அதற்குத்தான் அது. ஆனால் அதைச் செய்தவர்கள் ஓடுவதைப் பற்றியே யோசித்திருக்கிறார்கள், நிற்பதைப் பற்றி மிச்சமிருந்த நேரத்தில்தான் யோசித்திருக்கிறார்கள். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், பின் சக்கரங்களுக்கு டிரம். டிரம் என்பது மூடி போட்ட பானை மாதிரி. உள்ளே இரண்டு பிரேக் ஷூக்கள் விரிந்து பானையின் சுவரை உரசி நிறுத்த வேண்டும். உள்ளே என்ன நடக்கிறது என்பது கழற்றிப் பார்க்கிற வரைக்கும் யாருக்கும் தெரியாது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பானைக்குள் ஒரு சின்ன சிலிண்டர் ஒழுகி, பிரேக் ஆயிலையெல்லாம் கக்கியிருக்கிறது. முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே ஆயில் குழாய் என்பதால் நாலு சக்கரமும் ஒன்றாய்க் கைவிட்டன. அன்றைக்கு வாத்தியார் நர்ஸம்மாவை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி இறக்கத்தில் வந்துகொண்டிருந்தார். மிதித்தார், மிதி தரையைத் தொட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், ஆயிலில் ஊறிய ஷூ வழுக்கிக்கொண்டு போனது. கியரைக் குறைத்துக் குறைத்து வேகத்தை நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். ஆனால் நிற்கவில்லை. கார் மெதுவாக, வழி கேட்க வந்தவரைப் போல, இறக்கத்தின் அடியிலிருந்த சவரக் கடைக்குள் நுழைந்தது.

"எவ்வளவு மெதுவான்னா, 'நிறுத்துங்க'ன்னு சொன்னேன், 'நிறுத்துங்கன்னா நிறுத்துங்க'ன்னு சொன்னேன், கைப்பைய மடியில எடுத்து வச்சேன், கண்ணாடிய கழட்டி உறையில போட்டேன், அப்புறம்தான் இடிச்சுது" என்பார் நர்ஸம்மா.

யாருக்கும் காயமில்லை. நாற்காலியில் சாய்ந்திருந்த தபால்காரர் ஒருவருக்கு மட்டும் பாதி மீசை போயிற்று. கடைக்காரர் கையிலிருந்த கத்தி பதறிப்போய் ஒரு இழுப்பு இழுத்துவிட்டது. அடுத்த வாரமே கடைக்காரர் வாசலில் இடுப்பு உயரத்துக்கு ஒரு சிமெண்டுத் தூண் நட்டு, சிவப்பும் வெள்ளையுமாக வண்ணம் அடித்தார். அந்தக் காரின் உறுமல் தூரத்தில் கேட்டால் ஆளோடு நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திவிட்டுத்தான் மறுபடி கத்தியை எடுப்பார்.

நர்ஸம்மா அன்றிலிருந்து அந்தக் காரில் ஏறவில்லை. வாத்தியார் டிரம்மைச் சரிசெய்தார், சிலிண்டரைப் புதுசாகப் போட்டார். "பானைக்குள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் பஸ்ஸுல வர்றேன்" என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார்.

இப்படிப் பதினோரு வருஷம் போயிற்று. தான் ஓய்வு பெற மூன்று மாதம் இருக்கும்போது ஒருநாள் காலையில் நர்ஸம்மா பேச்சை ஆரம்பித்தார். பக்கத்தில் அவருடைய தம்பி, வாத்தியாரின் மச்சான், உட்கார்ந்திருந்தான். மெத்தைக் கடை வைத்திருப்பவன்.

"ஏங்க, முப்பத்தாறு வருஷம் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸுல போயி பஸ்ஸுல வந்துட்டேன். கடைசி நாள் ட்யூட்டி முடிஞ்சு நான் உங்க கார்ல ஏறி, அதே இறக்கத்துல வந்து, அதே கடை முன்னாடி வண்டி நிக்கணும். நிக்குமான்னு எனக்குச் சந்தேகம் வந்தாலே போதும், வண்டி என் தம்பிக்கு. கொட்டகை எனக்கு. அதுல ஒரு கட்டில் போட்டு, முப்பத்தாறு வருஷ நைட் ட்யூட்டித் தூக்கத்தையும் தூங்கித் தீத்துக்கறேன்."

"மெத்தை நான் தர்றேங்க்கா" என்றான் தம்பி உடனே.

"நீ இந்தக் காரை வச்சு என்னடா பண்ணுவ?" என்று கேட்டார் வாத்தியார்.

"கூரை மேல ஒரு டபுள் மெத்தைய வரிஞ்சு கட்டி, கடை பேரு எழுதி, ஒலிபெருக்கி வச்சு தெருத்தெருவா சுத்துவேன் மாமா. எல்லாரும் பாப்பாங்கல்ல?"

வாத்தியாரின் கால் தானாக மேஜைக்கு அடியில் எதையோ மிதித்தது. அன்று மத்தியானமே அவர் முடிவு செய்துவிட்டார். பின்பக்கம் டிரம் வேண்டாம், டிஸ்க் போட்டுவிடலாம். டிஸ்க் திறந்து கிடக்கிற தட்டு. காலிப்பர் என்கிற இடுக்கி அதை இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்தும். சக்கரத்தின் இடுக்கு வழியாகப் பார்த்தாலே தெரியும். மறைவு கிடையாது.

வண்டி உடைக்கிற யார்டுக்குப் போனார். அதே கம்பெனியின் பிற்காலத்துக் குடும்பக் கார் ஒன்று பின்பக்கம் டிஸ்க்கோடு கிடந்தது. அதன் வால் பக்கமாகத் தலையை விட்டு, மல்லாந்து, உள்ளே ஊர்ந்து போனார். இரண்டு காலிப்பர்களையும் கழற்றினார். எது எந்தப் பக்கம் என்று குழம்பிவிடக் கூடாதே என்று, வீட்டிலிருந்து கொண்டுபோன மருத்துவப் பிளாஸ்டரைக் கிழித்து, இடது கைப்பக்கம் இருந்ததில் 'இ' என்றும், வலது கைப்பக்கம் இருந்ததில் 'வ' என்றும் எழுதி ஒட்டினார். மணிக்கட்டு ரப்பர் பேண்டை ஒருமுறை இழுத்துவிட்டுச் சரிபார்த்துக்கொண்டார். அவ்வளவு ஜாக்கிரதை.

டிரம் இருந்த இடத்தில் காலிப்பர் உட்கார ஒரு இரும்புத் தகடு வேண்டும். அதற்கு அளவு மாதிரி வெட்ட அட்டை தேடினார், சரியாகக் கிடைக்கவில்லை. அலமாரியில் நர்ஸம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி வைத்திருந்த ஒரு எக்ஸ்ரே படம் இருந்தது. வெட்ட வாகாய், மடங்காமல், கச்சிதமாய் இருந்தது. தகடு வெட்டித் தரும் லேத்துப் பட்டறைக்காரர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"வாத்தியாரே, இது யாரோட முட்டி?"

"மச்சானோடது. எலும்பப் பாக்காதீங்க, ஓட்டையப் பாருங்க. நாலு ஓட்டை, பத்து மில்லிமீட்டர்."

"அவருக்கு முட்டித் தேய்மானம் இருக்கு போலிருக்கே."

"தகடு தேயாம இருந்தா போதும்."

டிரம்கள் லேசில் வரவில்லை. துரு பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தவற்றை மரச் சுத்தியால் சுற்றிச் சுற்றித் தட்டி, நாலு நாள் கெஞ்சிக் கழற்றினார். புதுத் தகட்டை முடுக்கினார். டிஸ்க்கை மாட்டினார். 'இ' இடது பக்கம், 'வ' வலது பக்கம். ஹேண்ட் பிரேக் கேபிளை நீளம் பார்த்து மாற்றினார். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி ஆயில் போகிற மாதிரி, மிதியிலிருந்து ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றினார். ஒன்று கைவிட்டாலும் இன்னொன்று பிடிக்கும். எல்லாம் முடிந்தபோது நர்ஸம்மாவின் கடைசி நாளுக்கு ஆறு நாள் பாக்கி.

மிச்சம் ஒரே ஒரு வேலை. காற்று எடுப்பது. ஆயிலுக்குள் காற்று இருந்தால் மிதிக்கிற மிதியெல்லாம் காற்றை நசுக்குவதிலேயே போய்விடும், சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. அதனால் ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் காலிப்பரில் இருக்கும் நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறந்து காற்றை வெளியே விட்டு மூட வேண்டும். மூடுகிற வரைக்கும் உள்ளே இருப்பவர் காலை எடுக்கக் கூடாது.

மிதிக்க ஆள் வேண்டுமே. மனைவி ஏற மாட்டார். மச்சானைத்தான் கூப்பிட வேண்டியதாயிற்று.

"மிதி!" என்றார் வாத்தியார் சக்கரத்தடியிலிருந்து.

"மிதிச்சுட்டேன் மாமா."

"புடி... புடி... அப்படியே புடி... டேய், காலை எடுத்துட்டியா?"

"முட்டி வலிக்குது மாமா. டாக்டர் எக்ஸ்ரேயக் கொண்டுவரச் சொன்னாரு, வீட்டுல தேடினா காணோம்."

வாத்தியார் காரின் அடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்துகொண்டார். பிறகு, "வலி எல்லாம் மனசுலதான். மிதி" என்றார்.

முதல் நாள் மிதித்தார்கள். இரண்டாம் நாள் மிதித்தார்கள். இரண்டு புட்டி ஆயில் காலி. மிதி மட்டும் கடினப்படவே இல்லை. அமுக்கினால் புஸ்ஸென்று பாதி வரைக்கும் உள்ளே போயிற்று.

"எங்க கடை மெத்தை மாதிரி இருக்கு மாமா. முதல் தரம்."

"நீ வேணும்னே காலை முன்னாடி எடுக்கற. உனக்கு வண்டி வேணும்."

"அக்கா மேல சத்தியமா இல்ல!"

"உங்கக்காதான் வண்டிய உனக்குத் தர்றதா இருக்கா. அவ மேல சத்தியம் பண்ணா எப்படிடா நம்பறது?"

மூன்றாம் நாள் மச்சானை நீக்கிவிட்டு சவரக் கடைக்காரரைக் கூப்பிட்டார். அவர், "இந்தக் கார் நிக்கணும்னு என்னை விட யாருக்கு ஆசை?" என்று கடையைப் பூட்டிவிட்டு வந்தார். உயிரைக் கொடுத்து மிதித்தார். அப்போதும் மெத்தைதான்.

நாலாம் நாள் வாத்தியார் தனியாக உட்கார்ந்து மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு விஷயம் கண்டுபிடித்தார். வேகவேகமாக மூன்று தரம் மிதித்தால் மூன்றாவது மிதி நன்றாகப் பிடிக்கிறது. புத்தி குறுக்கே ஓடியது. இறக்கம் தொடங்கும்போதே பாட்டுக்குத் தாளம் போடுகிற மாதிரி இரண்டு தட்டு தட்டி வைத்துக்கொண்டால், கடை முன்னால் அழகாக நின்றுவிடும். அவளுக்கு எங்கே தெரியப்போகிறது? அன்று சாயங்காலம் வரைக்கும் தாளம் பழகினார். தட்டு, தட்டு, மிதி. தட்டு, தட்டு, மிதி.

இரவு சாப்பாட்டில் அவருடைய கால் மேஜைக்கு அடியில் அதே தாளத்தைப் போட்டது. நர்ஸம்மா குனிந்து பார்த்துவிட்டுக் குழம்பை ஊற்றினார். வாத்தியார் தட்டைத் தள்ளி வைத்தார். முப்பத்தொரு வருஷமாக எத்தனை பேரிடம், 'மிதிச்சா முதல் மிதியிலேயே நிக்கணும், இல்லேன்னா வண்டிய எடுக்காத' என்று சொல்லியிருக்கிறார். போன தடவை இதே பெண்பிள்ளை கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தாம் நாள் காலையில் வேலைக்குக் கிளம்பிய மனைவியைக் கொட்டகை வாசலில் மறித்தார்.

"நிக்காது."

"என்னது?"

"வண்டி. மூணு தடவ மிதிச்சாதான் நிக்கும். தாளம் போட்டு உன்னை ஏமாத்தலாம்னு பாத்தேன். மனசு கேக்கல. உன் தம்பிகிட்ட சாவியக் குடுத்துடு."

நர்ஸம்மா கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். அவர் பார்வை சக்கரமில்லாமல் தாங்கிகள் மேல் நின்ற காரின் பின்பக்கத்தில் இருந்தது. காலிப்பரிலிருந்து கண்ணாடி மாதிரித் தெளிவான ஒரு பிளாஸ்டிக் குழாய் வளைந்து புட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது.

"அது எங்க வார்டு சலைன் குழாய்தானே?"

"குப்பைக்குப் போடறதுக்குன்னு நீதான் கொண்டுவந்த..."

"பிளாஸ்டரும் என்னோடது. இன்னும் என்னென்ன எடுத்தீங்க?"

"எக்ஸ்ரே ஒண்ணு" என்றார் வாத்தியார். உண்மை சொல்ல ஆரம்பித்தால் முழுசாகச் சொல்லிவிட வேண்டியதுதான்.

நர்ஸம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சக்கரத்தருகே குத்துக்காலிட்டார். காலிப்பரைப் பார்த்தார். அதன் அடியில், தரையைப் பார்த்துக்கொண்டிருந்த நிப்பிளைப் பார்த்தார். நோயாளியின் கையைத் திருப்பிப் பார்க்கிற அதே முகம்.

"காத்து இது வழியாத்தான் வெளிய வரணுமா?"

"ஆமா."

"ஏங்க, நான் முப்பத்தாறு வருஷமா ஊசி போடறேன். ஊசில காத்து இருந்தா என்ன பண்ணுவேன்? முனைய மேல தூக்கிப் பிடிச்சுச் சுண்டுவேன். குமிழி மேலதான் போகும். நீங்க ஓட்டையக் கீழ வச்சுட்டு மூணு நாளா மருந்தை மட்டும் ஊத்திட்டு இருக்கீங்க. காத்து மேல சொகுசா படுத்துக் கெடக்கு."

வாத்தியாரும் பக்கத்தில் குனிந்து நிப்பிளைப் பார்த்தார்.

"இத தலைகீழா மாட்ட முடியாதா?" என்று கேட்டார் நர்ஸம்மா.

"முடியாது. அந்தப் பக்கத்துக்காரனை இந்தப் பக்கம் போட்டாத்தான் நிப்பிள் மேல வரும். ஆனா இது இடது பக்கத்துதான். நானே யார்டுல பாத்து..." என்று ஆரம்பித்தவர் நின்றார். யார்டு, வால் பக்கம் தலையை விட்டு ஊர்ந்து போனது, மூக்குப் பக்கம் தலை, மல்லாந்த உடம்பு, எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. இரண்டு கைகளையும் தூக்கிக் காற்றில் மல்லாத்திப் பார்த்தார். மல்லாந்து கிடந்த மனுஷனுடைய இடது கை காரின் வலது பக்கத்தில் இருந்தது.

நர்ஸம்மா சிரிக்க ஆரம்பித்தார். சேலைத் தலைப்பை வாயில் வைத்து அமுக்கியும் அடங்கவில்லை. "உங்க பெரியப்பா அடுத்த வீட்டுல சாப்பிட்டாரு. நீங்க பிரேக்கையே அடுத்த வீட்டுக்கு அனுப்பிட்டீங்க!"

அன்று ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் விடுப்புச் சொன்னார். முப்பத்தாறு வருஷத்தில் பொய் சொல்லி எடுத்த முதல் விடுப்பு. வீட்டுக்காரருக்குக் காற்று அடைப்பு என்றார்.

வாத்தியார் காலிப்பர்களை இடம் மாற்றினார். இப்போது நிப்பிள்கள் இரண்டும் வானத்தைப் பார்த்தன. மிதிக்க ஆள் வேண்டும். வாத்தியார் தெருவை எட்டிப் பார்த்தார்.

"யாரைத் தேடறீங்க? தள்ளுங்க" என்று நர்ஸம்மா கதவைத் திறந்தார்.

"நீ ஏற மாட்டேன்னு..."

"சக்கரமே இல்லாத வண்டி எங்க போயி இடிக்கும்? இது கணக்குல வராது."

"மிதி!" என்றார் வாத்தியார்.

"மரியாதையா சொல்லுங்க."

"மிதிங்கம்மா... புடிங்க... புடிங்க... விடுங்க."

குழாயில் குமிழி குமிழியாகக் காற்று வந்தது. சோடாப் புட்டி திறந்த மாதிரி வந்தது. பிறகு ஒன்றிரண்டு, பிறகு ஒன்றுமில்லை. உள்ளே நர்ஸம்மா இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தார்.

"ஏங்க" என்றார் நர்ஸம்மா, குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "கல்லு மாதிரி இருக்கு."

இறங்கும்போது மட்டும் ஒரு வார்த்தை சொன்னார். "நாளன்னைக்கு ஏறுறேன். ஆனா உங்க ஸ்கூல் வண்டில இருக்கற மாதிரி என் பக்கம் ஒரு மிதி வேணும்."

"என் மேல நம்பிக்கை இல்லையா?"

"உங்களுக்கு உங்க மாணவங்க மேல இருந்துச்சா?"

பள்ளியில் கழித்துப்போட்ட காரிலிருந்து இரண்டாவது மிதியைக் கழற்றிவந்து, கேபிள் இழுத்து மாட்டினார். மறுநாள் காலி மைதானத்தில் செங்கல் அடுக்கி வைத்து முப்பது தடவை நிறுத்திப் பார்த்தார். முப்பதும் முதல் மிதியிலேயே. ஒரு செங்கலும் சாயவில்லை.

கடைசி நாள் மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸம்மா ஒரு மாலையும், எல்லாருமாகச் சேர்ந்து வாங்கிக் கொடுத்த சுவர்க் கடிகாரமுமாக வந்து ஏறினார். பின் சீட்டில் மச்சான், சாவி கிடைத்தாலும் கிடைக்கும் என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தான். வார்டே வாசலுக்கு வந்து கையாட்டியது.

இறக்கம் தொடங்கியது. கீழே சவரக் கடையில் உறுமல் கேட்டு நாற்காலி சுவரோரம் நகர்ந்தது. அதில் சாய்ந்திருந்தவர், விதி பாருங்கள், அதே தபால்காரர். இரண்டு கையாலும் மீசையைப் பொத்திக்கொண்டார்.

சிவப்பும் வெள்ளையுமாகத் தூண் தெரிந்தது. வாத்தியார் அளந்து வைத்திருந்தார், மின்கம்பம் தாண்டியதும் மிதிக்க வேண்டும். கம்பத்துக்கு இன்னும் நாலு அடி இருக்கும்போது காலைத் தூக்கினார். அதற்குள் பக்கத்திலிருந்து நர்ஸம்மாவின் செருப்புக் கால் இறங்கியது.

கார் ஆணியடித்த மாதிரி நின்றது. வால் கூட ஆடவில்லை. மச்சானின் மூக்கு முன் சீட்டில் போய் ஒட்டிக்கொண்டது. கடிகாரம் மடியிலிருந்து நழுவி மாலை மேல் விழுந்தது. தூணுக்கும் காரின் மூக்குக்கும் நடுவில் ஒரு ஆள் தாராளமாக நடந்து போகலாம்.

கடைக்காரர் வெளியே வந்து அந்த இடைவெளியில் நடந்தே பார்த்தார். உள்ளே தபால்காரர் ஒரு கையை மட்டும் மீசையிலிருந்து எடுத்தார். இன்னொரு கையை எடுக்கவில்லை.

"நான்தான் மிதிக்கப் போனேன்" என்றார் வாத்தியார் மெல்ல. "நீ அவசரப்பட்டுட்ட."

நர்ஸம்மா காலை இன்னும் எடுக்கவில்லை. "முப்பத்தொரு வருஷமா நீங்க மட்டும் மிதிச்சீங்கல்ல" என்றார். கைப்பையைத் திறந்து அதிலிருந்து ஒரு புது ரப்பர் பேண்டை எடுத்து, கணவரின் இடது மணிக்கட்டைத் தேடிப் பிடித்து மாட்டி, ஒரு இழுப்பு இழுத்து விட்டார்.

"ஆ!"

"வலிக்குதில்ல? அந்தப் பக்கம் திருப்புங்க. மேல போயி இன்னொரு தடவ வரலாம்."

"அக்கா, நான் இங்கயே இறங்கிக்கறேன்" என்றான் மச்சான், மூக்கைப் பிடித்தபடி. "அந்தக் கட்டிலுக்கு மெத்தை...?"

"கொட்டகையில வண்டி நிக்குதேடா, கட்டிலை எங்க போடறது? வீட்டுக்குள்ளயே போட்டுக்கறேன். கால்மாட்டுச் சட்டம் மட்டும் இரும்புல வேணும். லேத்துல சொல்லு, உன் முட்டி எக்ஸ்ரேயும் அங்கதான் இருக்கு, போயி வாங்கிக்கோ."